பந்தி விசாரிப்பவர் உட்கார்ந்த நாள்

முதலில் என் மானத்தை நானே வாங்கிவிடுகிறேன். பிறரிடம் விட்டால் கூடுதலாக வாங்குவார்கள். ஐம்பதைத் தாண்டிய வயதில், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி என்று அட்டை வைத்துக்கொண்டு திரியும் நான், ஒரு வாரம் முழுக்க, அலுவலகம் விட்டு வந்ததும் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இரண்டு பென்சில்களால் கொண்டைக்கடலை பொறுக்கினேன். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு. போய்ச் சேர்ந்தவை கொஞ்சம். கட்டிலுக்கு அடியில் போனவை நிறைய.

“உள்ள என்ன சத்தம்?” என்று மனைவி கேட்டாள்.

“ஆபீஸ் வேலை” என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு கடலை கதவிடுக்கு வழியாக உருண்டு, ஹாலில் அவள் காலடியில் போய் நின்றது. அவள் அதை எடுத்துக் கதவைத் தட்டி, “இது உங்க ஃபைல்லேந்து விழுந்துடுச்சு” என்று கொடுத்தாள்.

ஜப்பானியக் குச்சிகளால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தேன். இந்தத் தலையெழுத்துக்குக் காரணமும் நான்தான். எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் யாரோ ஜப்பானியச் சாப்பாடு பற்றி ஏதோ கேட்டுவைக்க, நான் பத்தி பிரித்து ஒரு பெரிய பதில் எழுதினேன். என் தகுதி, தமிழில் வந்த சில ஜப்பானிய நாவல்களைப் படித்திருப்பது. அவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நெடுநேரம் பேசாமல் இருப்பார்கள்; வெளியே பனி பெய்யும்; நடுவில் ஒருவர் சூப் குடிப்பார். இந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு, “ஜப்பானியர்கள் பசிக்காகச் சாப்பிடுவதில்லை, மௌனத்துக்காகச் சாப்பிடுகிறார்கள்” என்று முடித்திருந்தேன். பலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் அதை நம்பிவிட்டேன்.

அதனால், மூன்றாவது மாடி பவித்ரா ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, “அங்கிள், எங்க அப்பாவ ஜப்பான் ரெஸ்டாரன்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் கண்டிப்பா வரணும்” என்றபோது, எனக்கு அதில் எந்த ஆச்சரியமும் இல்லை. விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டாமா?

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. பவித்ராவின் அப்பாவைப் பற்றி.

அவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்பத்தூரில் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, ஆவடியில் பாதிப் பேருக்கு அவரைப் பெயரால் தெரியாது. கல்யாண மண்டபத்தில் இலை போட்டதும், தோளில் ஒரு துண்டோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொஞ்சம் குனிந்தபடியே நடப்பாரே, அவர் என்றால் தெரியும்.

பந்தி விசாரிப்பதுதான் அவருடைய பிறவிக் காரியம். தொழிற்சாலைக்கு இடையிடையே போய்வந்தார், அவ்வளவுதான். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், சமையல் காண்டிராக்டர் யாராக இருந்தாலும், பந்தி ஆரம்பித்துவிட்டால் அதிகாரம் அவர் கைக்குப் போய்விடும். “அம்மா, கூட்டு வந்துச்சா? பெரியவரே, ரசத்துக்குச் சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொல்றேன். டேய், அப்பளம் இந்தப் பக்கம் வர்ல பாரு!” யார் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இலையில் விரல் கோலம் போட ஆரம்பித்தால் அந்த ஆளுக்கு இன்னொரு கரண்டி வேண்டும் என்று அர்த்தம் என்பார். “எலைக்கு வாயில்ல தம்பி. நாமதான் போய்க் கேக்கணும்.”

குடியிருப்பில் அவருக்கு ‘விசாரணைக் கமிஷன்’ என்று பெயர் வைத்தவன் நான். மற்ற கமிஷன்களைப் போலில்லாமல் இந்தக் கமிஷன் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, “மூணாவது வரிசையில ரெண்டு பேருக்கு வடை வர்ல” என்று அறிக்கை கொடுத்துவிடும்.

திருமழிசையில் நடந்ததைச் சொன்னால்தான் அவருடைய தீவிரம் விளங்கும். கூட வேலை செய்த நண்பரின் மகள் கல்யாணம். மேலே ஒரு மண்டபம், கீழே ஒரு மண்டபம் என்று அடுக்கிக் கட்டிய கட்டடம். இவர் கீழே நுழைந்தார். பரிமாறுகிறவர் ஒருவர் வடை வாளியோடு ஒரு வரிசையைத் தாண்டிப் போவது கண்ணில் பட்டது. அவ்வளவுதான். துண்டு தோளுக்கு ஏறியது. பந்தி பந்தியாக நின்று எல்லோரையும் கவனித்து அனுப்பினார். பெண் வீட்டார் அவரைப் பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று நினைத்தார்கள். பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று நினைத்தார்கள். கடைசியில் இரு தரப்பும் சேர்ந்து வந்து, தாம்பூலப் பை கொடுத்து, கையைப் பிடித்து நன்றி சொன்னபோதுதான் அவர் மெதுவாக, “நம்ம சண்முகம் எங்க, காணமே?” என்று கேட்டிருக்கிறார். சண்முகம் மாடியில் இருந்தார். அவருடைய பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் போகவில்லை. அந்தச் சண்முகம் அதற்குப் பிறகு இவருடன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

“அது இன்னா தம்பி பெரிய தப்பு?” என்று என்னிடம் கேட்டார். “கீழ குந்தியிருந்தவங்களுக்கும் பசிதானே?”

இதெல்லாம் கேட்பதற்குத் தமாஷாக இருக்கிறது. அவர் மகளாக இருந்து பார்த்தால்தான் தெரியும். ஊரையெல்லாம் சாப்பிடவைக்கிற மனிதர் தான் சாப்பிட உட்கார மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். எல்லோருக்கும் போட்டு, எல்லோரும் எழுந்த பிறகு, அடுக்களையில் நின்றபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, தட்டைக் கையில் பிடித்து அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வார். ஏன் அண்ணே என்று ஒருமுறை கேட்டேன். “குந்துனா கண்ணு அடுத்தவன் தட்டுக்குத்தான் போவுது தம்பி. எதுக்கு ரெண்டு வேல?” என்றார்.

அவருடைய மனைவியிடம் கேட்டால் இன்னும் விவரம் கிடைக்கும். “அவரு உக்காந்து சாப்ட்டது எங்க கல்யாணத்தன்னிக்கு ஒரு வாட்டிதான். அன்னிக்கும் பாதியில எழுந்து போய்ட்டாரு. எங்க மாமாவுக்கு யாரும் மோர் ஊத்தலயாம். மாலையும் கழுத்துமா மாப்ள மோர் வாளியோட வராரு. எங்க மாமா பயந்துபோய் எழுந்தே நின்னுட்டாரு.”

பவித்ரா முதல் சம்பளம் வாங்கியதும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பிரியாணி ஹோட்டலுக்கு அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போயிருக்கிறாள். பக்கத்து மேஜையில் ஒரு பெரிய குடும்பம். ஒரே ஒரு சர்வர். தயிர்ப் பச்சடி வரவில்லை. இவர் எழுந்து போனவர் போனவர்தான். பவித்ரா ஒரு காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, அப்பாவின் தட்டில் பிரியாணி ஆறுவதைப் பார்த்துக்கொண்டே தன் தட்டைக் காலி செய்திருக்கிறாள்.

மாடிப்படியில் அவள் என்னை நிறுத்திச் சொன்னது இதைத்தான். அவளுடைய கம்பெனி அவளை ஜப்பானுக்கு அனுப்புகிறது. டிக்கெட் வந்துவிட்டது. “அங்க போய் நான் என்ன சாப்பிடப் போறேன்னு பாக்க வாங்கப்பான்னு சொன்னேன். அதுக்கு சரின்னுட்டார். ஆனா எனக்கு வேண்டியது அது இல்ல அங்கிள். போறதுக்கு முன்னாடி ஒரு வேள, ஒரே ஒரு வேள, அப்பா முழுசா உக்காந்து சாப்பிடறத நான் பக்கத்துலேந்து பாக்கணும். சாப்பிடும்போது அவர் முகம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. முதுகுதான் தெரியும்.”

“கவலப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்” என்றேன். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பென்சில் வாங்கப் போனேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முன்பு ஸ்பிரிங் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அதன் உச்சி மாடியில்தான் அந்த ரெஸ்டாரன்ட். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் போனோம். பவித்ராவின் அம்மா வரவில்லை. “பச்ச மீனு துன்றதுக்கு நான் இன்னா பூனையா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் வெள்ளை வேட்டியும், இஸ்திரி போட்ட அரைக்கை சட்டையுமாக வந்தார். துண்டைக் கொண்டுவர வேண்டாம் என்று பவித்ரா ஏற்கெனவே பிடுங்கி வைத்துவிட்டாள். ஆயுதத்தைப் பறிகொடுத்த சிப்பாய் மாதிரி தோளைத் தடவிக்கொண்டே லிப்டில் நின்றார்.

கதவு திறந்ததும் உள்ளே இருந்த சிப்பந்திகள் அத்தனை பேரும் ஒரே குரலில் ஜப்பானிய மொழியில் ஏதோ கத்தினார்கள். நான் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தேன். பவித்ரா, “வெல்கம்னு சொல்றாங்கப்பா” என்றாள்.

“ஓ, வாங்கன்றாங்களா?” என்றார். முகம் மலர்ந்தது. “பழக்கமான எடந்தான்.”

சொல்லிவிட்டு, வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எங்களுக்குப் பின்னால் லிப்டில் ஒரு குடும்பம் வந்தது. இவர் கைகூப்பி, “வாங்க, வாங்க. கொழந்தைங்கள கூட்டினு வந்தீங்களா? ரொம்ப சந்தோஷம். சாப்ட்டுட்டுத்தான் போணும்” என்றார். அவர்கள் தயங்கித் தயங்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டு அம்மாள் கணவனிடம் “ஓனர் போலிருக்கு” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

உள்ளே வெளிச்சம் குறைவு, கண்ணாடி அதிகம். கீழே எஸ்டேட்டின் தகரக் கூரைகள் வெயிலில் மினுங்கின. எதிர்ப்புறம் நீளமான மர மேடை. அதற்கு அப்பால் சமையல்காரர் நின்று செய்துகொடுப்பார், இந்தப் பக்கம் நாம் வரிசையாக உட்கார வேண்டும். பவித்ரா அங்கேதான் இடம் சொல்லிவைத்திருந்தாள். கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கும்போது, கருப்பு உடை உடுத்திய ஒரு பெண்மணி, அந்தத் தளத்துக்குப் பொறுப்பானவர், மூங்கில் தட்டில் ஆவி பறக்கச் சுருட்டிய வெள்ளைத் துவாலைகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று தந்தார். கை துடைப்பதற்கு. நான் என் நாவல்களில் படித்திருந்தேன், நாசூக்காகத் துடைத்தேன்.

இவர் அதைப் பிரித்துப் பார்த்தார். உதறினார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“போச்சு” என்றாள் பவித்ரா.

நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவர் முதல் மேஜைக்குப் போய்விட்டார். கைகள் பின்னால், உடம்பு கொஞ்சம் குனிந்து, அதே நடை. அங்கே கோவைப் பக்கத்துக்காரர்கள் போலிருந்த ஒரு தம்பதி. ஒரு பெரிய தட்டு நிறையப் பனிக்கட்டி, அதன் நடுவில் கட்டைவிரல் அகலத்தில் மீன்.

“எல்லாம் வந்துச்சுங்களா?” என்றார்.

“வந்துச்சுங்க” என்றார் அந்தக் கணவர். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதோட முடிஞ்சுதுங்களா, இன்னும் இருக்குங்களா? யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியலைங்க.”

“இது சாம்பிள் சார். ஐஸ் மேல சும்மா வெச்சிருக்கான். நீங்க துன்னுங்க, நான் சொல்றேன்.” அடுத்த மேஜைக்குப் போனார். அங்கே ஒரு பாட்டிலைத் திறக்க முடியாமல் திணறிய பெண்ணுக்குத் திறந்து கொடுத்தார். அதற்கடுத்த மேஜையில் ஒரு குழந்தை சூப்பைப் பார்த்து அழுதது. “வேணான்னா உடு செல்லம். வெறும் சோறு கேப்போமா?” என்றார். பிறகு சமையலறைக் கதவருகே போய் நின்று, திருமழிசையையே எழுப்பிய அந்தக் குரலை எடுத்தார்: “ஜன்னலோரம் ரெண்டு பேருக்கு மீனு பத்தல! கொழந்தைக்கு சோறு!”

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. கருப்பு உடைப் பெண்மணி ஓடி வந்தார். முதலில் ஆங்கிலத்தில், தயவுசெய்து உட்காருங்கள் என்று ஒருமுறை. கொஞ்சம் அழுத்தமாக இன்னொருமுறை. இவர், “நீ போம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார். அந்தப் பெண்மணிக்கு ஜப்பானும் போயிற்று, இங்கிலீஷும் போயிற்று. இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“இன்னா அண்ணாத்தே நீ? உம் பொண்ணு அங்க எவ்ளோ நேரமா வெயிட் பண்ணிகினு கீது. போய்க் குந்து. இவங்கள நான் பட்னி போட்றுவனா?”

“நீ எந்த ஊரும்மா?” என்றார் இவர், முகமெல்லாம் சந்தோஷத்தோடு.

“குமணஞ்சாவடி. போ, போ.”

குமணன்சாவடிக்காரர் பொறுப்பில் பந்தி இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி. வந்து உட்கார்ந்தார். மேடையின் முனையில் பவித்ரா, அவளை அடுத்து அவர், அவருக்கு இந்தப் பக்கம் நான். எனக்கு அப்பால் புதிதாகக் கல்யாணம் ஆன மாதிரி ஓர் இளம் ஜோடி. எதிரே சமையல்காரர்: டார்ஜிலிங் பக்கத்து மலைக்காரர், நாற்பது வயது இருக்கும், பேச்சுக் குறைவு, கையில் நீளமான கத்தி.

எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். ஆனால் எத்தனை நேரம்? அவருடைய பாதங்கள் தரையில் முழுதாகப் பதியவில்லை. குதிகால் தூக்கியே இருந்தது, ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி. பவித்ரா அந்தக் குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையல்காரர் ஒரு கைப்பிடி சோற்றை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, அதன் மேல் ஒரு துண்டு மீனைப் போர்த்தி, கறிவேப்பிலைப் பொடியை ஒரு சிட்டிகை தூவி, ஆளுக்கு ஒன்றாக எங்கள் முன்னால் இருந்த பலகையில் வைத்தார். நான் குச்சிகளை எடுத்தேன். ஒரு வார உழைப்பைக் காட்டும் நேரம். சமையல்காரர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, இதைக் கையால் சாப்பிடுவதுதான் முறை என்றார். குச்சிகளைக் கீழே வைத்தேன். கொண்டைக்கடலைகள் கண் முன்னால் வந்து போயின. எடுத்து வாயில் போட்டேன். போட்ட வேகத்தில் கரைந்து போயிற்று. ஜோடியும் சாப்பிட்டது. பவித்ராவும் சாப்பிட்டாள்.

இவர் பலகையைப் பார்த்தார். “வேவலயே?” என்றார். பிறகு, தொழிற்சாலையில் வடநாட்டு அதிகாரிகளிடம் பேசிப் பழகிய ஹிந்தியில் சமையல்காரரிடம், இவங்களுக்கெல்லாம் அடுத்ததப் போடுங்க, நான் அப்புறம் சாப்பிடறேன் என்றார். எத்தனையோ வருஷமாகச் சொல்லிவந்த வசனம்.

சமையல்காரர் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். அப்படி முடியாது சாப் என்றார் மரியாதையாக. இங்கே வரிசைக்கு ஒரே நேரத்தில்தான் தருவோம். கடைசி ஆள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடுத்ததைச் செய்யவே ஆரம்பிப்பேன்.

“அதுவரைக்கும் இவங்க?”

காத்திருப்பார்கள்.

அவர் வலது பக்கம் திரும்பினார். என் பலகை காலி. ஜோடியின் பலகை காலி. இரண்டு பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசை முழுக்கக் காலி இலை, பரிமாற ஆளில்லை, அதற்குக் காரணம் தான்! அவர் வாழ்நாளில் இப்படி ஒரு நிலைமை வந்ததே கிடையாது. நெற்றியில் வியர்த்தது. எனக்கு உண்மையிலேயே நல்ல பசி. அந்த ஒரு வாய் மீன் அதைக் கிளப்பிவிட்டிருந்தது.

சட்டென்று எடுத்தார். வாயில் போட்டார்.

புருவம் மேலே போயிற்று. கண் மூடியது. தாடை மெதுவாக அசைந்தது. பவித்ரா அவர் முதுகுக்குப் பின்னால் என் பக்கம் சாய்ந்து, மூச்சு விடாமல், “அங்கிள், காது! அப்பாவுக்குக் காது அசையுது!” என்றாள்.

பார்த்தேன். ஒவ்வொரு மெல்லலுக்கும் அந்த இரண்டு பெரிய காதுகளும் லேசாக முன்னும் பின்னும் போய்வந்தன. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்த்திருக்கிறேன். தேர்தல் முடிவு பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் மீன் மெல்வதைப் பார்த்து இந்த அளவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

விழுங்கினார். சமையல்காரர் கத்தியை எடுத்தார். வரிசை நகர்ந்தது.

அடுத்தது மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பூ, பக்கத்தில் புளிப்பான ஏதோ ஒரு பழ விழுது. ஒரு பார்வை என் காலிப் பலகைக்கு. உடனே அவர் வாய்க்குள். இந்த முறை ஒரு கண் மட்டும் இறுகி மூடி, தோள் காதுவரை ஏறி இறங்கியது.

“அப்பாவுக்குப் புளிப்பு ஆகாது” என்றாள் பவித்ரா, நிலாவில் தண்ணீர் கண்டுபிடித்தவள் மாதிரி. பிறகு முகம் மாறியது. “அம்மா வாரத்துல பாதி நாள் புளிக்கொழம்புதான் வெப்பாங்க. ஒரு நாளும் சொன்னதில்லையேப்பா?”

“கொழம்புல இன்னா கீது? எல்லாருக்கும் புடிக்குதுல்ல?” என்றார் அவர், தோள் துவாலையை எடுத்துப் பலகையைத் துடைத்தபடி.

சோயா விழுதில் செய்த மிசோ சூப்பில் முருங்கைக்கீரை மிதந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார். கறி ஒன்று கரி அடுப்பின் வாசனையோடு வந்தது. அதற்குத் தலை தானாக ஆடியது. நடுவில் ஒரு கண்டம் வந்தது. பின்னால் ஏதோ மேஜையில் யாரோ இருமினார்கள். தண்ணீருக்கான இருமல், நமக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா? துவாலை தோளுக்குப் போயிற்று. பாதி எழுந்துவிட்டார். முழங்கால் மேடையில் இடித்தது. அதற்குச் சற்று முன்புதான் எங்கள் முன்னால் அடுத்த தட்டு வந்திருந்தது: வெண்ணெயில் வதக்கிய காளான். நான் என்னுடையதை முடித்துவிட்டிருந்தேன். சமையல்காரர் கத்தியைக் கீழே வைத்தார். ஜோடியின் பெண், பாவம், மடியிலிருந்த கையை எடுத்து மறுபடி மடியிலேயே வைத்தாள்.

அவர் பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார். என் பலகையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பவித்ரா இமைக்கவில்லை.

குமணன்சாவடி அம்மாள் எங்கிருந்தோ தண்ணீர் ஜாடியோடு அந்த மேஜையை நோக்கிப் போவது கண்ணாடியில் தெரிந்தது. இவர் அதைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். குதிகால் இரண்டும் தரையில் பட்டன. தோளிலிருந்த துவாலையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“துன்னுட்றேன் தம்பி” என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சின்னக் கிண்ணத்தில் கருப்பாக ஐஸ்கிரீம் வந்தபோது, ஒரு வாய் எடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே தானாகத் தீர்ப்புச் சொன்னார்: “எள்ளுருண்டையத்தான் ஐஸ்ல வெச்சிருக்கான். நல்லாத்தான் கீது. இன்னொன்னு கேக்கலாமா?”

அவர் தனக்காக இன்னொன்று கேட்டு நான் பார்த்தது அப்போதுதான். பவித்ரா தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கி அவளே கேட்டாள்.

எல்லாம் முடிந்து எழுந்த பிறகு, அவர் மேடையில் சாய்ந்து சமையல்காரரிடம், நீங்க சாப்ட்டாச்சா என்று ஹிந்தியில் விசாரித்தார். எல்லோரும் போன பிறகுதான் சாப், நின்றபடியேதான் என்றார் சமையல்காரர். இவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். சொந்தக்காரரை வெளியூரில் கண்டுபிடித்த பார்வை. இரண்டு பேரும் ஏன் சிரித்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கீழே வந்ததும் கார் நிறுத்துமிடத்துக் காவலாளியிடம், “சாப்ட்டியாப்பா? இன்னா கொழம்பு?” என்று அவர் நின்றுவிட்டார். பவித்ராவும் நானும் கார் பக்கத்தில் காத்திருந்தோம். வெயில் கொளுத்தியது, அவள் கண்கள் ஈரமாகவும் முகம் சிரிப்பாகவும் இருந்தன.

“ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். நீங்க வரலைன்னா இது நடந்தே இருக்காது.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “நான் என்னம்மா செஞ்சேன்? ஜப்பானியர்களோட விருந்தோம்பல்ல ஒரு தத்துவம் இருக்கு. அதத் தெரிஞ்சவங்க கூட இருந்தா…”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது அங்கிள்” என்றாள் அவள். “வரிசைல எல்லாரும் முடிச்சாத்தான் அடுத்தது வரும்னு ஆபீஸ்லேந்து இங்க வந்தப்பவே பாத்து வெச்சிருந்தேன். பக்கத்துல யாராவது பசியோட உக்காந்திருந்தா அப்பாவால தாங்க முடியாதுல்ல? அதுக்கு நான் மொதல்ல ஆன்ட்டியத்தான் கூப்பிட்டேன். அவங்கதான், ‘எனக்குப் பசிச்சா வெளிய தெரியாதும்மா, எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போ. அவருக்குப் பசின்னா தெருமுனைல நிக்கிறவனுக்கே தெரியும்’னாங்க.”